குளத்து மீனும் குழந்தைகளின் உடல் வளமும்

சப்பிரகமுவா மாகாணத்தின் தோட்டப் பகுதிகளிலே, எட்டியாந்தோட்டை முதல் இரக்குவானை வரை, உழைப்புக்குக் குறைவில்லை. வயலில் நெல்லும், மேட்டுநிலத்தில் கறிவகைகளும், மலைச்சரிவில் தேயிலையும் இறப்பரும் விளைகின்றன. ஆயினும், விளைவிப்போர் வீட்டுக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் பெறாதிருத்தல் கவலைக்குரியது. 2016 ஆம் ஆண்டு நடைபெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வளர்ச்சி குன்றியிருந்தனர்; தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை ஏறக்குறைய முப்பத்திரண்டாகும். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நமது உலைச்சட்டியிலேயே இருக்கின்றது என்பதும், அதனை நாமே திருத்தலாம் என்பதும் எமது கருத்து.

ரொட்டியும் சம்பலும், சோறும் ஒரு துண்டுக் கருவாடும் பல வீடுகளில் நாளாந்த உணவாகும். கருவாடு புரதம் மிகுந்த உணவே. அதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆனால், உப்பின் மிகுதியால் அதனைச் சிறு துண்டாகவே உண்ண இயலும். சோற்றை உள்ளே தள்ளும் தொடுகறியாக அது பயன்படுகின்றதேயன்றி, உடலை வளர்க்கும் அளவுக்கு வயிற்றைச் சென்றடைவதில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் உண்ணும் உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவாட்டை நாள்தோறும் உண்போர் அவ்வெல்லைக்குள் நிற்றல் அரிது.

இவ்விடத்தே, நாம் அலட்சியஞ் செய்யும் ஒரு மீனை நினைவூட்ட விரும்புகின்றோம். அது திலாப்பியா. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன், 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, வறண்ட வலயத்துக் குளங்களிற் பல்கிப் பெருகிற்று. 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்வளத்துக்கு அரசின் ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தும் இம்மீன் அழியவில்லை. பின்னர், 1998 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது; அதன் நிலையமொன்று உடவளவையில் உள்ளது. இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையிலுள்ள உடவளவை நீர்த்தேக்கமும், எம்பிலிப்பிட்டியாவின் சந்திரிகா வாவியும் இம்மீனுக்குப் பேர்பெற்றவை.

நூறு கிராம் பச்சைத் திலாப்பியாச் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. கொழுப்போ இரண்டு கிராமுக்கும் குறைவு. இரத்தம் உண்டாவதற்கு வேண்டிய விற்றமின் பி12 உம் இதில் உண்டு. மரக்கறியை மட்டும் உண்போருக்கு இவ்விற்றமின் எளிதிற் கிட்டுவதில்லை. மேலும், கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்வதற்கு மீன் துணைபுரிகின்றது. ஆகவே, உங்கள் தோட்டத்து முருங்கையிலையும் பொன்னாங்காணியும் மீனோடு சேர்ந்தால் இரட்டிப்புப் பயன் தரும். முழு மீன் ஒரு கிலோகிராமில் மூன்றிலொரு பங்களவே சதையாகும். அதனை ஐவர் பகிர்ந்துண்டால் ஒருவருக்குப் பதின்மூன்று கிராமளவு புரதம் கிடைக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 கிராம் போதுமென்பதை எண்ணிப் பார்க்க.

“சேற்று மணம் வீசும்” என்பதே இம்மீனின்மேல் மக்கள் கூறும் குற்றம். குற்றம் உண்மையே, ஆயினும், அது தீராக் குற்றமன்று. செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் சதை இறுகியும் உள்ள மீனையே வாங்குக. செதில், செவுள், குடல் ஆகியவற்றோடு வயிற்றின் உட்புறத்துக் கருஞ்சவ்வையும் நீக்குக. உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் தடவிச் சிறிது நேரம் வைத்துக் கழுவுக. புளிப்பு அம்மணத்தை அடக்கும். ஆதலின், நம் பகுதியில் தாராளமாய்க் கிடைக்கும் கொறுக்காய்ப்புளி இட்டுச் சமைப்பது நன்று.

கொழுப்புக் குறைந்த மீனாதலால் இது விரைவில் வேகும். மிகையாக வெந்தால் வறண்டு உதிரும். மண்சட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் வெங்காயமும் கொதித்த பின்னரே துண்டுகளை இடுக. அகப்பையாற் கிளறாது சட்டியை அசைத்துவிடுக. இறுதியிலே தேங்காய்ப்பால் விட்டு இறக்குக. குழந்தைகளுக்கும் முதியோருக்கும், அவித்து முள் நீக்கி உதிர்த்த சதையை வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ ஆகியவற்றோடு வறையாக்கிக் கொடுக்கலாம். நாள்தோறும் எண்ணெயில் மூழ்கப் பொரிப்பது, கொழுப்பில்லா மீனிற்குக் கொழுப்பை விலைகொடுத்து ஏற்றுவதாகும். செதிலையும் குடலையும் எறிந்துவிடாது, கறிக்குழிகளில் ஆழப் புதைத்தால் நல்ல உரமாகும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுதல் எமது கடன். இருதயத்துக்கு நலந்தரும் கொழுப்பு, சாளை, சூடை முதலிய கடல்மீன்களிலேயே மிகுதி. எலும்போடு உண்ணும் நெத்தலி கல்சியம் தரும். ஆகையால் அவற்றை முற்றாகக் கைவிடற்க. மற்றது, திலாப்பியாக் குஞ்சுகளை நம் மலையோடைகளில் ஒருபோதும் விடற்க. உலகில் வேறெங்குமில்லாத சிறுமீன்கள் சில இவ்வோடைகளிலேயே வாழ்கின்றன; அந்நிய மீன் புகுந்தால் அவை அழியக்கூடும்.

மலிவானது தாழ்ந்தது என்னும் எண்ணமே இம்மீனை நம் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றது. கமக்காரர்களே, வாரத்தில் இருமுறை கருவாட்டின் இடத்தில் குளத்து மீனை வையுங்கள். பரிமாறும்போது நடுத்துண்டைக் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் முதலில் வையுங்கள். பயிர் இளமையில் இடும் உரத்தால் தழைப்பதை அறிந்த உங்களுக்கு, பிள்ளையின் வளர்ச்சியும் அத்தகையதே என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.