மூன்று என்றால் மூன்றுதான்

இறுதியாண்டு ஆய்வுக்காக நாங்கள் நூறு வினாக்கொத்துகள் அச்சடித்துக் கொடுத்தோம். திரும்பி வந்தவை முப்பத்தொன்று. சமர்ப்பிக்க இரண்டு கிழமைதான் இருந்தது. மிச்ச அறுபத்தொன்பதையும் விடுதி அறைக்குள் இருந்து நாங்களே நிரப்பினோம். "பேனையை மாத்து மச்சான், எல்லாம் ஒரே கையெழுத்தாக் கிடக்கு" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். புள்ளியும் நன்றாகவே வந்தது.

இதை இங்கே எழுத வைத்தது பதினொராம் ஆண்டுப் பொடியன் ஒருவன். எங்களில் ஒருத்தி பக்கத்து வீட்டில் ஓ/எல் பாடங்கள் சொல்லிக் கொடுக்கிறாள். ஆவர்த்தன அட்டவணையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டானாம்: "அக்கா, இந்த 113ஐ எங்க தோண்டி எடுத்தவை?" கலைப்பீடத்து அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. எல்லோருமாகத் தேடினோம். தேடப் போய், எங்கள் அறுபத்தொன்பதில் வந்து முட்டினோம்.

தோண்டி எடுக்கவில்லை, செய்தார்கள். ஒரு மூலகம் எது என்பதைத் தீர்மானிப்பது அதன் அணுக்கருவில் உள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை. யுரேனியத்துக்கு 92. அதைத் தாண்டி மேலே போகப் போக மண்ணில் தேடிப் பிரயோசனமில்லை. சிறிய கருக்கள் இரண்டை ஒட்டித்தான் பெரிய கருவை உண்டாக்க வேண்டும். நாகத்தில் 30 புரோத்தன்கள், பிசுமதில் 83. கூட்டினால் 113. கணக்கு இவ்வளவுதான்.

செய்வதுதான் கஷ்டம். இரண்டு கருக்களும் நேர் ஏற்றம் கொண்டவை, கிட்டப் போனால் ஒன்றையொன்று தள்ளும். மெதுவாக வந்தால் தொடவே தொடாது. அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தால் சேர்ந்த கரு சிதறிவிடும். சரியான வேகத்தில் தொட்டாலும் அநேகமாக ஒட்டாமலே பிரிந்துவிடும்.

யப்பானில், டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள வாக்கோ நகரில் ரிக்கென் என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே கொசுக்கே மொரிட்டா தலைமையிலான குழு 2003 செப்ரெம்பரில் இந்த வேலையைத் தொடங்கியது. நாகக் கருக்களை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு ஆர்முடுக்கி, மெல்லிய பிசுமதுப் படலத்தில் மோதவிட்டார்கள். ஒரு விநாடிக்கு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட கருக்கள். ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் படலம் உருகிவிடும் என்று அதைச் சுழலும் சில்லொன்றில் பொருத்தியிருந்தார்கள்.

மோதாமல் தாண்டி வரும் நாகக் கருக்களைக் காந்தங்களும் ஈலியம் வாயுவும் உள்ள ஒரு கருவி விலக்கிவிடும். புதிய கரு ஏதும் உண்டாகியிருந்தால் அது போய் உணரியில் பதியும். ஆனால் அதன் ஆயுள் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குதான். பிறகு ஒரு அல்பா துணிக்கையை வீசும், இரண்டு புரோத்தன்கள் குறையும். 113 போய் 111, பிறகு 109, 107, 105. ஆளைக் காண ஏலாது. படியிறங்கிப் போகும் காலடிச் சத்தத்தை வைத்து இன்னார் வந்து போனார் என்று சொல்வது மாதிரியான வேலை இது.

முதலாவது அணு 2004 யூலை 23இல் வந்தது. இரண்டாவது 2005 ஏப்ரல் 2இல். இரண்டு தரமும் 105 வரை இறங்கிய கரு அங்கேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஒன்றுமே இல்லை.

இதற்கிடையில், 2011இல், சர்வதேச நிபுணர் குழு 113ஐ அங்கீகரிக்க ஆதாரம் காணாது என்று சொன்னது. இறங்கிப் போன படிகள் முன்பே நன்றாகத் தெரிந்த கருக்களோடு போய்ச் சேர்கின்றன என்று உறுதியாகக் காட்ட வேண்டியிருந்தது. ரிக்கென் குழு அந்தச் சங்கிலியின் நடுவிலுள்ள 107ஐ வேறு வழியில், கியூரியத்தில் சோடியத்தை மோதவிட்டு, நேரடியாக உண்டாக்கியும் பார்த்திருந்தது. மொரிட்டா கோயிலுக்குப் போனால் 113 யென் காணிக்கை போடுவாராம். மனுசன் தானே, அவரும் எத்தனை நாளைக்குத் தாங்குவார்!

2012 ஓகஸ்ட் 12இல் மூன்றாவது வந்தது. இந்தத் தரம் 105 பிளக்கவில்லை. அல்பாவை வீசி 103, பிறகு 101 என்று நன்றாகத் தெரிந்த இடம் வரை இறங்கிப் போனது. ஒன்பது வருஷத்தில் 550 நாட்களுக்கு மேல் கற்றையை ஓடவிட்டுக் கிடைத்தது மூன்றே மூன்று அணுக்கள். 2015 டிசம்பரில் அங்கீகாரம் வந்தது. 2016 நவம்பரில் நிஹோனியம் என்ற பெயர் உறுதியானது.

அந்த ஏழு வருஷத்துக்குள் ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அப்படியும் ஒன்று நடந்திருக்கிறது. 1999இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுகூடத்தில் ஒரு குழு கிரிப்தனையும் ஈயத்தையும் மோதவிட்டு 118ஆவது மூலகத்தைக் கண்டதாக அறிவித்தது. வேறு நாட்டு ஆய்வுகூடங்கள் செய்து பார்த்தன, வரவில்லை. பெர்க்லியிலேயே திரும்பச் செய்தார்கள், வரவில்லை. மூலத் தரவைத் திறந்து பார்த்தபோது அறிவித்த சங்கிலிகள் அதில் இல்லை. 2002இல் கட்டுரையை மீளப் பெற்றார்கள். தரவுகளைப் பகுப்பாய்வு செய்தவர் வேலையிழந்தார். தான் அப்படிச் செய்யவில்லை என்று அவர் மறுத்தார். அங்கேயும் முதலில் அறிவித்த எண்ணிக்கை மூன்றுதான்.

பிழை விடுவது வேறு கதை. 1908இல் மசத்தக்கா ஒகாவா என்ற யப்பானிய இரசாயனவியலாளர் 43ஆவது மூலகத்தைக் கண்டதாக நம்பி 'நிப்போனியம்' என்று பெயர் வைத்தார். அது 43 அல்ல. அவர் கையில் இருந்தது 75ஆவது மூலகமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்து சொன்னார்கள். அவர் பதிந்து வைத்தவை உண்மையாக இருந்தபடியால்தான் பிழை எங்கே என்று பின்னால் வந்தவர்கள் தேட முடிந்தது. எங்கள் அறுபத்தொன்பதில் யாரும் எதையும் தேட முடியாது. அதில் இருப்பது எங்கள் ஐந்து பேரின் ஊகம் மட்டும்தான்.

"அவையளிட்ட காசு இருக்கு, நேரம் இருக்கு. எங்களிட்ட என்ன இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு செமெஸ்டருக்குள் தலைப்பு எடுத்து, ஆட்களைத் தேடி, எழுதி முடிக்க வேண்டும். பஸ்ஸுக்கும் போட்டோகொப்பிக்கும் காசு எங்கள் கையில் இருந்துதான் போகிறது. நூறுக்குக் குறைந்தால் ஆய்வே இல்லை என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. முப்பத்தொன்று என்று எழுதினால் புள்ளி குறையும், நூறு என்று பொய் எழுதினால் கூடும் என்றால் பிழை மாணவரிடம் மட்டும் இல்லை. குறைந்த எண்ணிக்கையை மறைக்காமல் எழுதுபவருக்குப் புள்ளி குறையாது என்று துறைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஏன் அறுபத்தொன்பது பேர் பதில் தரவில்லை என்று ஒரு அத்தியாயம் எழுத விட்டிருந்தால், எங்கள் ஊரைப் பற்றி அதிலேயே கனக்கத் தெரிந்திருக்கும்.

ஆனால் துறை மாறும்வரை நாங்கள் சும்மா இருக்கலாம் என்றும் இல்லை. மொரிட்டா குழுவுக்கும் 2011இல் சாதகமான பதில் கிடைக்கவில்லை. அவர்கள் இரண்டை இரண்டு என்றே வைத்துக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் ஜூனியர்ஸ் வினாக்கொத்து அச்சடிக்கப் போகிறார்கள். மாதிரி பார்க்க எங்கள் ஆய்வுப் பிரதியைத்தான் துறை நூலகத்தில் எடுத்துப் புரட்டுவார்கள். தம்பியவை, தங்கச்சியவை, அதில் 100 என்று போட்டிருக்கும். அது 31.