விஞ்ஞானக் கண்காட்சி யாருக்காக?

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகள் பலவற்றிலே தவறாது இடம்பெறும் பொருளொன்று உண்டு. அஃது எரிமலை. களிமண்ணாலோ ரெஜிபோமாலோ மலையொன்றை அமைத்து, அதன் வாயில் அப்பச்சோடாவை இட்டு வினாகிரியை ஊற்றினால் நுரை பொங்கும், பார்ப்போர் கைதட்டுவர். இலங்கையில் எரிமலை ஏன் இல்லை என்று பிள்ளை கேட்பதில்லை. கேட்பதற்கு அதற்கு அவகாசமும் இல்லை. மலையைச் செய்தவர் தந்தை, விளக்கத்தை எழுதியவர் ஆசிரியர், மனனஞ் செய்து ஒப்புவிப்பதே பிள்ளையின் பங்கு.

இந்தப் பங்குங்கூடப் பெரும்பாலும் மேல் வகுப்பு மாணாக்கருக்கே கிட்டுகின்றது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு வரிசையாகத் திரும்புகின்றனர். விஞ்ஞானம் தனிப்பாடமாவது ஆறாந் தரத்திலேதான் என்பது இதற்குக் காட்டப்படும் நியாயம். 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடத்தைக் கீழ் வகுப்புகளுக்குக் கொணர்ந்தது. பிள்ளை தன் சூழலைத் தானே நோக்கி அறியவேண்டும் என்பதே அதன் உட்கிடை. ஆயினும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அதனையும் வினாவிடையாக்கி விழுங்கிவிட்டது. கன்னங்கரா இலவசக் கல்விக்காகப் போராடிய 1940களில், வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு அனுப்பும் பொருட்டு எழுந்த பரீட்சை அது. அதன் பெயரால் பத்து வயதுப் பாலகர் இன்று பிரத்தியேக வகுப்புகளில் அடைபட்டுக் கிடக்கின்றனர்.

சிறுபிள்ளைகளுக்கு விஞ்ஞானம் விளங்காது என்போர், 1860 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் இலண்டனில் மைக்கேல் பரடே தொடங்கிய விரிவுரைகளை எண்ணிப் பார்த்தல் நன்று. புத்தகங் கட்டுந் தொழில் பயின்று விஞ்ஞானியான அவர், சிறுவர் நிறைந்த அவையில் ஆறு விரிவுரைகளை நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி.

நமது பிள்ளைகளிடம் மெழுகுதிரிக்குப் பஞ்சமா? யாழ்ப்பாணத்துச் சீவற்றொழிலாளியின் பிள்ளை, உட்புறத்தே சுண்ணாம்பு தடவிய முட்டியிற் சேரும் கருப்பநீர் இனிப்பதையும், தடவாத முட்டியிற் சேர்வது நுரைத்துக் கள்ளாவதையும் எழுத்தறியும் முன்னரே கண்டறிந்துள்ளது. சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தின் பெருக்கத்தைத் தடுப்பதால் நொதித்தல் தடைப்படுகின்றது என்பது அது பின்னர் கற்கவேண்டிய விளக்கம். ஆனால், ஒன்றை மாத்திரம் மாற்றி ஏனையவற்றை மாற்றாது வைத்து ஒப்பிடுதல் என்ற பரிசோதனை முறையின் உயிர்நிலை அந்த இரு முட்டிகளிலேயே இருக்கின்றது. சுண்ணாம்பின் அளவைக் குறைத்தால் என்ன நிகழும், எத்தனை மணிநேரத்திற் புளிக்கும் என்று அப்பிள்ளை கேட்கத் தொடங்கினால் அதுவே ஆராய்ச்சி. இவ்வறிவைக் கண்காட்சி மண்டபத்திற்கு அழைக்க நாம் ஏன் கூசுகின்றோம்? தகப்பனின் தொழிலைச் சொல்லப் பிள்ளை நாணும்படி வகுப்பறையை வைத்திருக்கும் சமூகம், அதே பிள்ளையின் கையில் ரெஜிபோம் எரிமலையைக் கொடுத்து விஞ்ஞானம் வளர்ப்பதாகக் கூறுவது வெறும் பாசாங்கு.

இத்தகைய பொருள்கள் எங்குமுள்ளன. குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பாறையூடு வரும் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெண்படையாகப் படிகின்றது. அதன்மீது தேசிப்புளியை விட்டால், எரிமலையிற் பொங்கிய அதே காபனீரொட்சைட்டு வாயு குமிழியிடும். மலையகத்துப் பிள்ளையின் தாய் பறிக்கும் பச்சைக் கொழுந்து தொழிற்சாலையிலே செம்புநிறமாவது ஒட்சியேற்றத்தால். வீட்டில் ஒரு கொழுந்தைக் கசக்கி வைத்தும், மற்றொன்றைக் கசக்காது வைத்தும் நிறமாற்றத்தை ஒப்பிடப் பணம் வேண்டியதில்லை.

பணம் என்றதும் ஒன்று கூறவேண்டும். மின்மோட்டாரும் மின்குமிழ்களும் பூட்டிய மாதிரிகளுக்கே பரிசு செல்லுமாயின் போட்டி பெற்றோரின் பைகளுக்கு இடையிலானது. ஏழைப் பிள்ளை முதலாண்டிலேயே இதனை உணர்ந்து ஒதுங்கிவிடும். ஆர்வமில்லாத பிள்ளை என்று ஆசிரியரும் குறித்துவைப்பார்.

பரீட்சைக் காலம் வீணாகும் என்ற கூச்சலுக்குப் பெரிதாக விடையிறுக்க வேண்டியதில்லை. மூன்றாந் தரத்திலும் நான்காந் தரத்திலும் தொடங்கட்டும். விலைக்கு வாங்கிய மாதிரிகளுக்கு இடமில்லை என்று பாடசாலை விதி செய்யட்டும். நடுவர்கள் மேசையைப் பார்ப்பதை விடுத்துப் பிள்ளையைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எதை அறிய விரும்பினாய், என்ன செய்தாய், நினைத்தது நடந்ததா? மூன்றாங் கேள்விக்கு 'இல்லை' என்று கூறி, கண்டதைக் கண்டபடி சொல்லும் பிள்ளைக்கு ஒரு புள்ளியேனும் குறைக்கலாகாது. பெற்றோர் அவ்வேளையில் மண்டபத்திற்கு வெளியே நிற்றல் வேண்டும்.