திருச்சி – பலாலி: 185 கிலோமீட்டர்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திற்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 185 கிலோமீட்டர். விமானிகளின் கணக்கில் 100 கடல் மைல். திருச்சியிலிருந்து கோவைக்குப் பேருந்தில் செல்வோர் இதைவிட அதிகத் தொலைவைக் கடக்கின்றனர்.

2025 மார்ச் 30 அன்று இவ்விரு நகரங்களுக்கிடையே விமானம் பறக்கத் தொடங்கியபோது, பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி என்று அட்டவணை கூறியது. மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் ஏடிஆர் விமானத்திற்கு இருபத்திரண்டு நிமிடந்தானே ஆகவேண்டும் என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கணக்குக் கேட்டார். (தமிழாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்!) அட்டவணை நேரம் என்பது விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது தொடங்கி, மறுமுனையில் சென்று நிற்பது வரையிலானது. ஓடுபாதைவரை ஊர்தல், மேலேறுதல், வேகம் குறைத்து இறங்குதல் எல்லாம் அதனுள் அடக்கம். குறுந்தொலைவுப் பயணத்தில் விமானம் முழுவேகத்தை எட்டிச் சிறிது நேரத்திற்குள் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே தொலைவை வேகத்தால் வகுத்து நேரத்தைப் பெற இயலாது.

நண்பரின் கணக்கில் விடுபட்டது வேறொன்றும் உண்டு. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் செலுத்தியது. பின்னர் போர் அவ்வழியை அடைத்தது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் தெற்கே கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே வரவேண்டியிருந்தது. ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அந்தத் தரைவழியும் இல்லை. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது.

திருச்சி விமானம் புறப்பட்டபோது 'தொப்புள்கொடி உறவு', 'கூப்பிடு தூரம்' என்று நம்மவர்கள் எழுதிக் குவித்தனர். அச்சொற்களில் நமக்கு உடன்பாடில்லை. கூப்பிடு தூரத்தில் இருப்போரைப் பற்றி அவை பேசவில்லை.

திருச்சி விமான நிலையத்தின் அருகிலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. 2021 முதல் அதன் பெயர்ப்பலகையில் 'அகதிகள்' என்பது போய் 'மறுவாழ்வு' வந்திருக்கிறது. அங்கிருந்து நம் வகுப்பிற்கு வந்த மாணவியர் சிலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆயினும் 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவர்க்கு 185 கிலோமீட்டர் என்பதற்கு என்ன பொருள்? படகேறி வந்த அவர்களின் பெற்றோர் எந்த முத்திரையும் பெற்று வரவில்லை. குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடுபவர் குடிவரவு அலுவலகத்தைத் தேடிச் செல்வதில்லை.

2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியுடன் தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். முன்னர் முறையற்ற வழியில் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு.

அச்செய்தியை வகுப்பில் நாம் குறிப்பிட்டபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, என் தாத்தாவும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்" என்றாள்.