வாசனை எந்தக் கணக்கில் போச்சு?

பாலக்கரையில் ஒரு லாட்ஜ். பெயர் வேண்டாம். கல்யாண வீட்டார் போட்டுக்கொடுத்த ரூம். கதவைத் திறந்ததுமே முந்தின நாள் தங்கிய ஆசாமிகளின் சரித்திரம் மூக்கில் ஏறியது. பிராந்தி, சிகரெட், சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ். அத்தைக்கு ஏற்கெனவே வீஸிங். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏண்டா, இது ரூமா, ஒயின் ஷாப்பா?" என்றாள்.

"ஓசோன் மிஷின் போட்டா பத்து நிமிஷத்துல போயிரும் ஸார்!" ரூம் பாய் டிபன் கேரியர் சைஸில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சொருகினான். கூடவே எலுமிச்சை வாசனை ஃபினாயிலால் தரையில் ஒரு இழுப்பு. ஐந்தாவது நிமிஷம் அத்தைக்கு இருமல். பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து, அத்தையை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். ராத்திரி ஸ்ரீரங்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுக்கை.

நான் பி.காம். ஓரிடத்தில் பற்று எழுதினால் இன்னோரிடத்தில் வரவு எழுதியாக வேண்டும். வாசனை 'போயிரும்' என்றால் எந்தக் கணக்குக்குப் போகும்?

நாம் மூச்சிழுக்கும் ஆக்ஸிஜனில் இரண்டு அணு. ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது ஆசாமி ஓரிடத்தில் உட்காரமாட்டார். 1840-ல் ஷோன்பைன் என்ற ஜெர்மன்காரர் இதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் மணப்பது என்று பொருள். நாற்றத்தை ஒழிக்க வந்த சரக்குக்குப் பெயரே நாற்றம்! ஜெராக்ஸ் கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் ஒரு காரமான நெடி வருமே, அதில் இவருக்கும் பங்குண்டு.

கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்போடு கைகோத்திருந்தால் ஓசோன் பாய்ந்து வெட்டிவிடும். ரப்பரில் அது ஏராளம். இழுத்துக் கட்டிய ரப்பர் நாளாவட்டத்தில் வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆல்கஹாலில் அந்த இரட்டைக் கை கிடையாது. தண்ணீரில் கரைந்திருந்தால் நிதானமாக அசெட்டால்டிஹைடு ஆக்கும், அப்புறம் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர். காற்றில் மிதக்கும் ஆல்கஹாலை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை! ஈதரோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உண்டாகலாம். நல்லவேளை, லாட்ஜில் யாரும் ஈதர் குடிப்பதில்லை.

ஆக, பிராந்தி வாசனை தப்பித்தது. மாட்டிக்கொண்டது எலுமிச்சை. அந்த மணத்துக்குக் காரணமான லிமோனீனில் இரட்டைப் பிணைப்பு இரண்டு. ஓசோன் அதை வெட்டினால் வரவுப் பக்கத்தில் ஃபார்மால்டிஹைடும், நுரையீரலுக்குள் நுழையும் நுண்துகளும். பிணம் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் இருக்கிறதே, அதன் மூலச்சரக்குதான் ஃபார்மால்டிஹைடு. மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் முடிவு செய்தது.

வெட்டாமல் மிச்சமிருக்கும் ஓசோனே வீஸிங்காரர்களுக்கு எமன். நம் நாட்டில் வெளிக்காற்றுக்கு 2009-ல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேர சராசரியாக கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அந்த மாதிரி வரம்புக்குள் அடங்கினால் ஓசோன் நாற்றத்தை ஒன்றும் பெரிதாகச் செய்யாது, செய்கிற அளவுக்குப் போட்டால் ஆள் இருக்கக்கூடாது என்பதுதான் அமெரிக்க சுற்றுச்சூழல் துறையின் கருத்து. கலிபோர்னியாவில் 2010 முதல், பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோன் கக்கும் வீட்டு மிஷினை விற்கவே முடியாது.

இங்கே காருக்கும் வீட்டுக்கும்கூட இதை விற்க ஆள் வருகிறார்கள். வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு ஓசோன் வரும்? எவ்வளவு நேரம் ஆள் வெளியே நிற்கணும்? அப்புறம் ஜன்னலை எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும்? "வானத்துல பூமியைக் காப்பாத்துற ஓசோன் ஸார்!" என்று ஆரம்பிப்பார். அது இருபது கிலோமீட்டருக்கு மேலே, ஸார்!