மாணவர் நலன்: பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் ஜேர்மனியிலுள்ள பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் தொடங்குகிறது. நவராத்திரியும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை, பதினைந்து ஆண்டுகளின் பின் பெட்டியோடு புகையிரதம் ஏறுவதை நமது குடும்பங்கள் பலவும் இன்று காண்கின்றன. பெட்டியில் அரிசி உண்டு, மிளகாய்த்தூள் உண்டு, தாயாரின் கண்ணீரும் உண்டு. புத்திமதி மட்டும் "கவனமாய்ப் படி" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது.

அதற்கு மேல் சொல்லத் தகுந்தவர், அதே வாசலில் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்தவரே. 1409 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவர் படித்தார். அவர் பெயர் யோகான் வொல்ஃப்காங் கதே. 1765 ஒக்டோபரில் பிராங்க்பேர்ட்டிலிருந்து லைப்சிக் வந்தபோது அவருக்கு வயது 16. ஜேர்மன் இலக்கியத்தின் பெருங்கவிஞர் என்று உலகம் போற்றிய பின்னர், அறுபது வயது கடந்து, தமது வாழ்க்கை வரலாற்றை அவர் எழுதினார். 1812 இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தில் லைப்சிக் நாட்கள் வருகின்றன. முதியவர் அங்கே தமது இளமையை ஒளிவுமறைவின்றி நோக்குகிறார். அதைப் படிக்கும்போது நமது பிள்ளைகளின் கதையைப் படிப்பது போலவே இருக்கிறது.

முதலாவது, துறை தெரிவு. கதே கோட்டிங்கன் சென்று பண்டை இலக்கியம் கற்க விரும்பினார். தந்தையார் தாம் சட்டம் பயின்ற லைப்சிக்கிலேயே மகனும் சட்டம் பயிலவேண்டும் என்று உறுதியாக நின்றார். மகன் வீட்டில் எதிர்த்துப் பேசவில்லை. லைப்சிக் சென்று தன் விருப்பப்படி படிக்கலாம் என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டு வண்டி ஏறினார். அங்கே பேராசிரியர் போமேயிடம் விடயத்தைச் சொன்னபோது அவர் கடிந்துகொண்டு, சட்டத்தையே படிக்கும்படி செய்தார். விளைவு என்ன? மூன்று ஆண்டுகள் சட்டத்திலும் மனம் ஊன்றவில்லை, விரும்பியதையும் முறையாகக் கற்கவில்லை.

இந்தக் கதை நமது வீடுகளுக்குப் புதியதன்று. வைத்தியம், பொறியியல், சட்டம் என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் நமது உரையாடல் பெரும்பாலும் செல்வதில்லை. பெற்றோரின் ஆசை தவறென்று எவரும் சொல்லமாட்டார்கள். வெறுங்கையோடு வந்து, சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு பகலாய் உழைத்தவர்களின் ஆசை அது. ஆனால், பிள்ளை மனத்துக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றுக்குத் தலையாட்டுவது இரு பக்கத்துக்கும் கேடு. பல்கலைக்கழகத்துக்குப் புறப்படு முன் ஒரு மாலையாவது அமர்ந்து மனம்விட்டுப் பேசுதல் நன்று.

இரண்டாவது, வெட்கம். கதேயின் உடுப்புகள் நல்ல துணியில் ஆனவை. ஆனால் வீட்டு வேலையாள் தைத்தவை. நாகரிக நகரான லைப்சிக்கில் அவை பழம்பாணியாய்த் தெரிந்தன. நாடகமொன்றில் நகைப்புக்குரிய பாத்திரம் அதேபோன்ற உடையில் மேடையேறியதைக் கண்டு, பெட்டியிலிருந்த அத்தனையையும் கொடுத்துவிட்டு, அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் புது உடைகளை வாங்கினார். அவரது பேச்சுக்கும் அதே கதி நேர்ந்தது. பிராங்க்பேர்ட் வழக்கில் அவர் பேசியதை லைப்சிக் மக்கள் திருத்திக்கொண்டே இருந்தனர். எப்படிப் பேசுவதென்றே தெரியாமல் தாம் தடுமாறியதாக அவர் எழுதுகிறார்.

பிறப்பால் ஜேர்மானியரான கதேக்கே இந்த நிலை என்றால், நமது பிள்ளைகள் கருத்தரங்கில் வாய் திறக்கக் கூசுவதில் வியப்பில்லை. இதே லைப்சிக்கில்தான் 1956 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு முதலில் ஜேர்மன் மொழியைக் கற்பித்து, அதன் பின்னரே துறைப் படிப்புக்கு அனுப்பிய நிறுவனம் இயங்கியது. 1961 இல் அது ஹேர்டர் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. லைப்சிக் மிஷனின் தலைவராயிருந்த கார்ல் கிரவுலையும் இங்கே நினைக்கலாம். 1849 இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது வயது 35. அந்த வயதிலும் தமிழை ஊன்றிக் கற்று, திருக்குறளை ஜேர்மன் மொழியில் பெயர்த்து 1856 இல் வெளியிட்டார். பிழையாய்ப் பேசும் காலத்தைக் கடக்காமல் அவர் அந்த நிலையை எய்தியிருக்க முடியாது. முதல் பருவத்திலேயே கேள்வி கேட்கப் பழகிய மாணவன் இறுதிவரை கேட்பான். முதல் பருவத்தில் மௌனமாயிருந்தவனுக்கு அந்த மௌனமே பழக்கமாகிவிடும்.

மூன்றாவது, விரிவுரை. தொடக்கத்தில் கதே ஒழுங்காகச் சென்று குறிப்பெடுத்தார். பின்னர், தத்துவ விரிவுரை நடக்கும் அதே நேரத்தில், அண்மையிலிருந்த கடையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து இனிப்புப் பண்டம் சுடச்சுட வெளிவரும். அதற்காகப் பிந்திச் செல்லத் தொடங்கினார். இளவேனில் வந்தபோது குறிப்பேடும் இல்லாமற் போயிற்று. சட்ட விரிவுரையிலோ, ஏற்கெனவே தந்தையாரிடம் கற்றதையே திரும்பக் கேட்பதாகத் தோன்றியதால் சலிப்பு வந்தது.

இன்று அந்தப் பண்டத்தின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான விரிவுரைகளுக்கு வரவு எடுப்பதில்லை. பரீட்சைக்குப் பதிவு செய்வதும் பெரும்பாலும் மாணவரின் பொறுப்பே. பள்ளிக்கூடம் போல வீட்டுக்குக் கடிதம் வராது; பதினெட்டு வயதானவரின் பெறுபேற்றைப் பெற்றோருக்கு எவரும் அறிவிப்பதில்லை. பரீட்சைகளை மீண்டும் எழுதும் வாய்ப்புக்கும் எல்லை உண்டு. வைத்தியத் துறையின் முதலாவது அரசுப் பரீட்சையில் தவறினால் இரண்டு முறை மட்டுமே திரும்ப எழுதலாம். அதிலும் தவறினால் நாடு முழுவதிலும் அந்தப் படிப்புக்கு வழியில்லை. ஆகவே, சறுக்கல் தெரிந்ததும் முதல் தடவையிலேயே உதவி நாடவேண்டும். மூத்த மாணவர் குழுக்களும் படிப்பு ஆலோசனை நிலையமும் அதற்காகவே இருக்கின்றன.

நான்காவது, சேர்க்கை. கதே மதிய உணவு உண்ட மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வைத்திய மாணவர்கள். அவர்களது பேச்செல்லாம் உடலியலும் தாவரவியலுமே. அந்தப் பேச்சைக் கேட்ட கதே பின்னாளில் தாவரங்களையும் எலும்புகளையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். ஓசர் என்ற ஓவிய ஆசிரியரிடம் சித்திரம் பழகியதும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் துணை நின்றது. விரிவுரை மண்டபத்தில் கிடைக்காதது உணவு மேசையில் கிடைக்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளுடன் மட்டுமே இருந்து பழகுவதும், எவருடனும் பழகாமல் அறைக்குள் அடைந்து கிடப்பதும் ஒரே இழப்பின் இரு வடிவங்கள். ஓர் ஆசிரியருக்காவது பிள்ளையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, உடம்பு. இதனையே எல்லாவற்றிலும் மேலாய்க் கொள்ளவேண்டும். கதே கடும் பியர் அருந்தினார். உணவின் பின் பாற்கோப்பி குடித்துச் சமிபாட்டைக் கெடுத்துக்கொண்டார். இயற்கை வாழ்வு என்று எண்ணிக் குளிர்ந்த நீரில் குளித்து, போதிய போர்வையின்றிப் படுத்தார். மனம் சில நாள் துள்ளும், சில நாள் சோரும். நண்பர்களிடம் எரிந்து விழுந்தார். 1768 கோடையில் ஓரிரவு கடும் இரத்தப்பெருக்கோடு விழித்தார். அடுத்த அறையில் இருந்தவரை எழுப்பும் அளவுக்கே தெம்பு இருந்தது. வைத்தியர் ரைகல் வந்து சிகிச்சை செய்தார். பல நாட்கள் உயிர் ஊசலாடியது. கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு வீக்கமும் தோன்றியது. அது என்ன நோய் என்பதை வைத்தியர்கள் பின்னர் பலவாறு விவாதித்தனர். ஆனால், உடம்பும் மனமும் நெடுநாளாய்த் தந்த எச்சரிக்கை கவனிக்கப்படவில்லை என்பது மட்டும் அவரது எழுத்திலேயே தெளிவு.

புது நகரில் காலடி வைத்த முதல் மாதத்திலேயே ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். காய்ச்சல் வந்த பின் தேடுவது கடினம். தடுப்பூசிப் புத்தகமும் மருத்துவக் காப்புறுதி அட்டையும் கையோடு இருக்கட்டும். நித்திரை ஏழு மணி நேரத்துக்குக் குறைதல் ஆகாது. நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, தான் பயனற்றவன் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனைச் சோம்பல் என்று ஏசாது நோய் என்று கருதி வைத்தியரைக் காணவேண்டும். லைப்சிக் உட்படப் பல நகரங்களில் மாணவர் சேவை நிலையங்கள் மன ஆலோசனை வழங்குகின்றன. நள்ளிரவில் மனம் உடைந்தால் 0800 1110111 என்ற இலவச இலக்கத்தில் பேச எவரேனும் இருப்பர். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதியாது 112 ஐ அழைக்கலாம். இதில் மானக்கேடு எதுவும் இல்லை.

கதே தமது பத்தொன்பதாவது பிறந்த நாளான 1768 ஓகஸ்ட் 28 அன்று, பட்டமும் இன்றிச் சுகமும் இன்றி, லைப்சிக்கை விட்டு வீடு திரும்பினார். தந்தையாருக்கு ஏமாற்றம்தான். அதனை அவர் இயன்றவரை மறைத்துக்கொண்டார். ஒருநாள் மகன் தாம் லைப்சிக்கிலிருந்து எழுதிய கடிதங்களைக் கண்டார். தமக்கும் மகளுக்கும் வந்த ஒவ்வொன்றையும் தந்தையார் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார், பிழைகளைக்கூடத் திருத்தியிருந்தார். அவற்றைப் படித்த மகனுக்குத் தமது பழைய செருக்கு விளங்கிற்று. தங்கைக்குத் தாம் எழுதிய அறிவுரைகள் பேராசிரியரிடம் கேட்டதை அப்படியே ஒப்பித்தவை என்பதும் தெரிந்தது.

அந்தக் கடிதக் கட்டைப் பெற்றோர் இருவிதமாய் நோக்கலாம். மகனது ஒவ்வொரு சொல்லையும் பொன்னாய்ப் போற்றிய அன்பு அதில் உண்டு. அன்பாய் வந்த கடிதத்திலும் பிழை தேடும் கண்டிப்பும் உண்டு. தொலைபேசியில் "எத்தனை புள்ளி?" என்பதே முதற் கேள்வியாக இருந்தால், பிள்ளை புள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசும், புள்ளி குறைந்தால் பேசாமலே விட்டுவிடும், அல்லது பொய் சொல்லும். பரீட்சையில் தவறியதை மாதக்கணக்கில் மறைத்து, நாள்தோறும் வகுப்புக்குச் செல்வதாய்ச் சொல்லி, தனியே வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கொல்வது பரீட்சையன்று, வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்ற அச்சமே. "சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா, யாருடன் பேசினாய்?" என்று முதலில் கேட்கும் வீட்டுக்குத் தோல்வியும் உண்மையாய் வந்துசேரும்.

லைப்சிக்கில் பிறந்து அங்கேயே பயின்ற லைப்னிட்ஸுக்கு 1666 இல் அந்தப் பல்கலைக்கழகம் சட்டக் கலாநிதிப் பட்டம் தர மறுத்தது. அவர் அல்ட்டோர்ஃப் சென்று அதனைப் பெற்றார். கதேயும் ஒன்றரை ஆண்டு வீட்டில் தேறி, 1770 இல் ஸ்ட்ராஸ்பூர்க் சென்று, மறு ஆண்டு சட்டப் படிப்பை முடித்தார். ஒரு நகரில் தவறியது இன்னொரு நகரில் கைகூடும். பிள்ளை உயிரோடும் உடல்நலத்தோடும் இருந்தால் போதும்.

ஆகவே, இந்த ஒக்டோபரில் பெட்டி கட்டும் பெற்றோர் "கவனமாய்ப் படி" என்பதோடு இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "பிழைத்துப் போனால் முதலில் எங்களிடம் சொல்." அந்தச் சொல் பொய்யாகாதபடி நடந்துகொள்வது பெற்றோரின் கடமை.