மருமகன் வென்ற படமும் மக்கள் தோற்ற பாடலும்

சித்தூர்க் காவு பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொங்கன்படை நிகழ்கிறது. கிழக்கிலிருந்து கொங்கன் படை திரட்டி வருகிறான், ஓலை விடுத்துப் போருக்கு அழைக்கிறான், பகவதியின் துணையால் ஊர் வெல்கிறது, கொங்கன் வீழ்கிறான். கொங்கன் என்னும் பெயர் சுட்டுவது தமிழ் பேசும் திசையை. வீட்டில் தமிழ் பேசுவோரும் நிறைந்த எல்லை ஊரில் இவ்விழா ஊர்ப்பொதுவாக நடைபெறுகிறது. வென்றவர் பக்கமிருந்து சொல்லப்படும் கதை காலப்போக்கில் ஊருக்கே உரிய கதையாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று. தோற்றவர் இக்கதையை எவ்வாறு சொல்லியிருப்பார் என்னும் வினா அதன்பின் எழுவதே அரிது.

அவ்வினாவை எழுப்பியே தீரவேண்டிய திரைப்படம் ஒன்று உண்டு. 1933ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப்படம் அது. நாகர்கோவிலின் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் சார்பில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கியது, சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலைத் தழுவியது. திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் வெளியான சில நாட்களிலேயே, நாவலின் உரிமையைக் கொண்டிருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. படம் நிறுத்தப்பட்டு, படச்சுருள் பதிப்பகத்தார் வசமானது. நாற்பதாண்டுகள் கழிந்து, 1974இல், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அச்சுருளைப் பெற்றது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். தடை செய்த சட்டமே படத்தைக் காப்பாற்றியது என்பது சுவையான முரண்தான். சுந்தர்ராஜின் உறவினரான ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ அழிந்துபோயிற்று. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ அழிந்துபோயிற்று. வழக்கில் சிக்கிப் பூட்டி வைக்கப்பட்ட படம் மட்டும் பிழைத்தது. ஆனால் ஒரு படம் எவ்வாறு பிழைத்தது என்பதைக் காட்டிலும், அது எக்கதையைப் பிழைக்கச் செய்தது என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா.

படத்தின் பொருள் ஒரு குடும்பப் பகை. வேணாட்டு மன்னர் ராம வர்மா 1729இல் இறந்தபோது, மருமக்கள்வழிப்படி அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா அரசுரிமை எய்தினார். மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அவரை எதிர்த்தனர். எட்டு வீட்டுப் பிள்ளைமார் மக்கள் பக்கம் நின்றனர். மதுரை நாயக்கரின் படைத்தலைவர் அழகப்ப முதலியாரின் உதவியும் நாடப்பட்டது. முடிவில் தம்பிமார் நாகர்கோவில் அரண்மனையில் கொல்லப்பட்டனர். பிள்ளைமாரின் குடும்பங்கள் அழிக்கப்பட்டன. 1878இல் வெளிவந்த பி. சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறு இதனை அரசுக்கு எதிரான சதியாகவும் அதன் அடக்கலாகவும் எழுதியது. பதின்மூன்றாண்டு கழித்து சி. வி. ராமன் பிள்ளை அதையே காதலும் மாறுவேடமும் கலந்த நாவலாக்கினார். அந்நாவலே படமாயிற்று. அரண்மனை சார்ந்த வரலாறு, அச்சு நாவல், திரைப்படம் என மூன்று படிகளிலும் கதை சொல்லும் பக்கம் மாறவில்லை. மருமகன் உரிமையாளன், மக்கள் அபகரிக்க வந்தவர்.

இதே கொலைக்கு வேறொரு நினைவும் உண்டு. அது நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் வாழும் ‘தம்பிமார் கதை’. அங்கே வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் சதிகாரர் அல்லர். வஞ்சனையால் வீழ்ந்த வீரர். பாடலின்படி பகையின் வேர் அரியணை ஆசை அன்று. அவர்தம் தங்கையை மார்த்தாண்ட வர்மா விரும்பியதும், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் உரிமை குறித்து உடன்பாடு எட்டாமையுமே. அண்ணன்மார் கொலையுண்ட பின் தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அகாலமாய் இறந்தோரைத் தெய்வமாக்கிப் பாடும் தென்கோடித் தமிழ் மரபில் தோற்றவர் பக்கம் இவ்வாறு பாதுகாக்கப்பட்டது.

ஒரே நிகழ்வைப் பற்றி ஒரே நிலப்பரப்பில், அரைநாள் நடைத் தொலைவுக்குள், இரு எதிர்நினைவுகள் வாழ்ந்தன. படத்தைத் தயாரித்த நிறுவனம் இருந்ததும், அது கெட்டவராகக் காட்டியவர்கள் கொலையுண்டதும், அவர்களைப் புகழ்ந்து வில்லடித்ததும் நாகர்கோவிலையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்தே. எனினும் படத்தின் எழுத்தட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அமைந்தன. 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழும் தெலுங்கும் திரையில் ஒலிக்கத் தொடங்கிவிட்ட பின்னரும், நாகர்கோவிலில் பிறந்த ஒரு படத்தில் தமிழ் எழுத்தாகக்கூட இடம்பெறவில்லை. இதைச் சூழ்ச்சி என்று கொள்ள வேண்டியதில்லை. நாவலின் வாசகரையும் தலைநகரின் பார்வையாளரையும் நோக்கிய படத்துக்கு அது இயல்பான தேர்வு. ஆனால் இயல்பான தேர்வுகளே மறதியை உண்டாக்குகின்றன.

படம் வெளிவந்த காலத்தை உற்று நோக்கினால் இதன் கனம் மேலும் விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் அரண்மனைக்குள் எழுந்த ‘மக்களா, மருமக்களா’ என்னும் வழக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரின் ஒவ்வொரு தறவாட்டிலும் எழுந்தது. 1912இன் நாயர் சட்டம் தொடங்கி, 1925இன் சட்டத்தில் தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ளும் உரிமை வரை அது சென்றது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் இதே முறை நிலவியது. அதன் அவலத்தைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’மாக எள்ளி நகைத்தார், 1926இல் அவர்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. ஆக, தந்தையின் சொத்தில் தம் பிள்ளைகளுக்கு உரிமை கேட்டு வாதாடி வென்ற தலைமுறை 1933இல் கேப்பிடல் திரையரங்கின் இருக்கைகளில் அமர்ந்து, தந்தையின் உரிமையைக் கேட்ட மக்கள் கொடியவராய் வீழ்வதைக் கண்டது. குடிகளின் இல்லங்களில் மருமக்கள்வழி தளர்ந்துகொண்டிருந்தபோது அரச குடும்பத்தில் அது மாறாது நின்றது. படத்தின் அச்சுருளில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா பங்குகொண்ட ஊர்வலத்தின் செய்திப்படக் காட்சிகளும் இணைந்துள்ளன. கதையில் வென்றவரின் வழித்தோன்றலே திரைக்கு வெளியிலும் ஆண்டுகொண்டிருந்தார் என்பதைப் பார்வையாளர் மறக்க வழியில்லை.

இங்கே தெலுங்குத் திரையின் ஓர் உதாரணம் ஒப்பிடத்தக்கது. 1947இல் வெளிவந்த ‘பல்நாட்டி யுத்தம்’, நலகாமன், மலிதேவன் என்னும் மாற்றாந்தாய்ச் சகோதரர்களின் அரசுரிமைப் பகையைச் சொல்வது. கூடவல்லி ராமபிரம்மம் தொடங்கி, அவர் 1946இல் மறைந்தபின் எல். வி. பிரசாத் முடித்த படம். அதன் மூலம் அரண்மனை வரலாறு அன்று. ஸ்ரீநாதரின் பெயரால் வழங்கும் காவியத்துக்கும் அடித்தளமாய் நின்று, மாண்ட வீரர்க்கு இன்றும் வழிபாடு நிகழும் பல்நாட்டில் பாடப்பட்டுவரும் வாய்மொழிக் காப்பியம். எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்திய பிரம்மநாயுடுவின் பக்கம் நின்று அக்கதை சொல்லப்படுகிறது. தெலுங்கில் ஊர்ப்பாடகரின் கதை திரைக்கு ஏறியது. திருவிதாங்கூரில் அச்சேறிய நாவலே திரைக்கு ஏறியது, வில்லுப்பாட்டு கோயில் முற்றத்திலேயே நின்றது. இரண்டும் வரலாற்றுப்படம் என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், எவருடைய வரலாறு என்பதில் இவை வெவ்வேறு இனத்தவை.

இதற்கு மறுப்பு உண்டு. கதைப்பாடலும் வரலாறு அன்று. அதற்கும் சார்பு உண்டு. வஞ்சகக் கொலை என்னும் வாய்பாடு அம்மரபில் பல பாடல்களுக்குப் பொதுவானது. இவை உண்மை. நாவலையும் வெறும் அரசவைப் புகழுரை என ஒதுக்க இயலாது. இளவரசரின் உயிரைக் காக்கும் சுபத்திரையே அதன் உயர்ந்த பாத்திரம். அவளை வெட்டிக் கொல்பவர் அவளுடைய தாய்மாமனான குடமண் பிள்ளை. மருமக்கள்வழியின் தூணாகிய அம்மாமனின் வாள் மருமகளின் மீதே பாய்வதாக எழுதிய ஆசிரியர், தாம் தாங்கிநின்ற முறையின் விரிசலையும் கண்டவரே. ஆகவே கோரிக்கை நாவலைக் கீழிறக்கிப் பாடலை மேலேற்ற வேண்டும் என்பதன்று. இரண்டில் ஒன்றை மட்டும் படிப்பவர் இரண்டையும் புரிந்துகொள்ள முடியாது என்பதே.

இன்றைய கல்விப்புலம் செய்வது அதற்கு மாறானது. ‘மார்த்தாண்ட வர்மா’ மலையாளத் திரை வரலாற்றின் தொடக்க இயலில் இடம்பெறுகிறது. ‘தம்பிமார் கதை’ தமிழ் நாட்டார் வழக்காற்றியலின் பாடத்துக்குள் அடங்குகிறது. படத்தைப் படிக்கும் மாணவர் பாடலை அறியார். பாடலைப் பதிப்பிக்கும் அறிஞர் படத்தைத் தேடார். 1956 நவம்பர் 1இல் வரையப்பட்ட எல்லை இப்பிரிவை உறுதியாக்கிவிட்டது. கதை நிகழ்ந்த பத்மநாபபுரமும் நாகர்கோவிலும் தமிழ்நாட்டுக்கு வந்தன; கதையைப் பற்றிய எழுத்தும் உரிமையும் கேரளத்தில் நின்றன. டேனியலை நினைவுகூர்வோர் அறிவர்: அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்த அவரை மலையாள சினிமாவின் தந்தை என ஏற்பதற்கு அந்த எல்லை நெடுங்காலம் தடையாய் நின்றது.

இந்த இடைவெளியை நிரப்பும் தகுதி தலைநகர்ப் பல்கலைக்கழகங்களைக் காட்டிலும் எல்லைக் கல்லூரிகளுக்கே மிகுதி. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய ஒன்பது வட்டங்களுள் சித்தூரும் ஒன்று. தேவிகுளமும் பீர்மேடும் அதில் அடங்கும். இம்மூன்றும் கேரளத்திலேயே நின்றன. அதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு: சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழும் மலையாளமும் ஒரே வளாகத்தில் பயிலப்படுகின்றன. மலையாள நாவலை மூலத்திலும் தமிழ் வில்லுப்பாட்டை மூலத்திலும் மொழிபெயர்ப்பின் தயவின்றிப் படிக்கவல்ல மாணவர்கள் அங்கே பிறக்கும்போதே கிடைக்கிறார்கள். சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ அத்தகைய மாணவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் அவ்விருமொழித் திறன் குறையாகவே எண்ணப்படுகிறது. இரு துறைகளும் தத்தம் பாடத்திட்டத்தைத் தொலைதூரத் தலைநகரை நோக்கியே அமைத்துக்கொள்கின்றன.

செய்யத்தக்கது பெரிய ஏற்பாடன்று. ஒரு பருவத்தில் ஒரு கூட்டுத்தாள் போதும்: காப்பகத்திலிருந்து பெறும் படப்படி, சி. வி.யின் நாவல், தம்பிமார் கதையின் பதிப்பு, கவிமணியின் மான்மியம், 1925, 1926ஆம் ஆண்டுச் சட்டங்களின் வாசகம். ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரு வினாவைக் கேட்கட்டும்: தந்தையின் வீட்டில் பிள்ளைக்கு இடம் உண்டா என்பதற்கு இவை ஒவ்வொன்றும் என்ன விடை தருகின்றன? அந்த வகுப்பில் அமரும் மாணவர் அடுத்த கும்ப மாதத்தில் கொங்கன்படையைக் காணச் செல்லும்போது, வீழும் கொங்கன் தன் ஊரில் எத்தகைய பாடலை விட்டு வந்தான் என்றும் கேட்பார். விழாவை அது சிறிதும் குறைக்காது.