சுண்டு விரல் மரத்தால் சும்மா இருக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே மாதிரிதான். ராம் எத்தனை ஜிபி? எஸ்எஸ்டி எவ்வளவு? யுபிஎஸ் தேவையா? "சரி, அதை எந்த மேஜையில் வைக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். வாரத்தில் மூன்று நாள் திருத்தணியில் வீட்டிலிருந்தே வேலை. அம்மாவின் பழைய தையல் மெஷின் பலகைதான் என் கம்ப்யூட்டர் டேபிள். வலது கை மவுஸில் இருக்கும். இடது முழங்கையைப் பலகையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு தினம் ஒன்பது, பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதத்தில் இடது சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப் போயின. வலி கொஞ்சமும் இல்லை. அதனால் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் பாஸ்வேர்டு மூன்று முறை தவறு என்று வந்தது. பெரிய எழுத்து விழவில்லை. ஷிப்ட் கீ போய்விட்டது என்று நினைத்துப் புதிய கீபோர்டு வாங்கினேன். அதிலும் விழவில்லை! இடது ஷிப்ட், கண்ட்ரோல் இரண்டையும் நாம் சுண்டு விரலால்தான் அழுத்துகிறோம். பழுது கீபோர்டில் இல்லை, என் விரலில்.

அம்மாவிடம் சொன்னதும் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேமல் தேடுகிறார் என்று புரிந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு விரல் மரத்தது என்றாலே தொழுநோய் நினைவுதான் வரும். "யார்கிட்டயும் சொல்லாதப்பா, பொண்ணு பாக்கற நேரம்" என்றார். அப்படியே இன்னும் இரண்டு வாரம் போயிற்று.

கடைசியில் வேலூருக்குப் போனேன். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடினார். முழங்கையின் பின்புறம் தடவி நரம்பு தடித்திருக்கிறதா என்றும் பார்த்தார். முழங்கையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த அல்னார் நரம்புதான். தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. தொழுநோய்க் கிருமி அதிகம் தாக்குகிற நரம்புகளில் அதுவும் ஒன்று. என் நரம்பைத் தாக்கியது தையல் மெஷின் பலகை! நரம்பு டெஸ்ட்டில் அது உறுதியானது.

டாக்டர் என்னைக் கோபித்துக்கொண்டது தாமதத்துக்காகத்தான். தொழுநோயாகவே இருந்திருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரை உண்டு. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மறைத்து வைத்தால்தான் விரல் மடங்கிவிடும். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. இதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் சட்டப் பிரிவு 2019-ல்தான் நீக்கப்பட்டது. அம்மாவின் பயத்தை எப்படிக் குறை சொல்வது?

வேலூர் என்றால் டாக்டர் பால் பிராண்டைச் சொல்ல வேண்டும். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த இவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி, வலி தாங்க முடியாத அளவுக்கு இருந்தது. அப்படியானால் நல்ல தசைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன! அவற்றின் தசைநாரை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் வேலை செய்ய வைத்தார்.

அவர் எழுதிய இன்னொரு சம்பவம். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை கிழிந்திருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டுத் தேய்கின்றன என்பது அவர் கண்டது. வலி இல்லை என்று மூன்று மாதம் நிம்மதியாக இருந்தவன் நான்.

உங்களுக்கு வேறு விரல்கள் மரக்கலாம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்றால் மணிக்கட்டில் இருக்கும் மீடியன் நரம்பைப் பார்க்க வேண்டும். இரவில் மரத்துத் தூக்கம் கலைந்து கையை உதறுவீர்கள். இதற்குக் கீபோர்டு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை, தைராய்டு, கர்ப்ப காலம் எல்லாம் காரணமாகலாம். எனவே ஸ்ப்ரே அடித்துக்கொண்டு உட்கார்ந்திராமல் டாக்டரைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பட்ஜெட்டில் மேஜைக்கும் நாற்காலிக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள் என்பது என் கட்சி. அதற்காக ராம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பிறகு போட்டுக்கொள்ளலாம். முழங்கை விளிம்பில் படக்கூடாது. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். கீபோர்டின் அடியில் இரண்டு சின்னக் கால்கள் உண்டே, அவற்றை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

விரல் தேறும்வரை எனக்குக் கைகொடுத்தது ஸ்டிக்கி கீஸ். ஷிப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்குமே, எல்லோரும் எரிச்சலோடு மூடுகிற அதேதான்! விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருக்கிறது. ஆன் செய்துவிட்டால் ஷிப்டை ஒரு முறை தட்டிவிட்டு, பிறகு எழுத்தைத் தட்டினால் போதும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிட்டி, கீபோர்டு என்று போனால் கிடைக்கும்.

அன்று வேலூரிலிருந்து திரும்பும்போது அப்பாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றப் பயன்பட்ட மெத்தென்ற ரப்பர் செருப்பு அது, இப்போது சர்க்கரைக்காரர்களும் போடுகிறார்கள். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஆடிக் கிருத்திகை வெயிலில் 365 படியும் வெறுங்காலோடு ஏறிவிட்டு, பாதம் கொப்பளித்தது தெரியாமல் வீடு வந்தவர். இந்த வருடம் விடியற்காலையில், படி சூடேறுமுன் போய் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.